தம்புள்ளையில் இன்று கரட் என்ன விலை

என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் புறப்படுவதற்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்குக் கொம்பியூட்டர் சொல்லிக்கொடுத்தார். அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். புதுப் பெண்டாட்டியை ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிப்போவார்கள்? கோயிலுக்கு, இல்லாவிட்டால் ஐஸ்கிறீம் கடைக்கு. என்னை மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனும் இன்டர்நெட்டும் வைத்திருந்த ஒரு கொமியூனிகேஷன் கடைக்குக் கூட்டிப்போய், கட்டம் கட்டமாகத் தெரிந்த ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். "இதுல அரிசின்னு அடி. பக்கத்துக் கட்டத்துல காசை அடி. எல்லாத்தையும் அடிச்சு முடிச்சா கீழ அதுவே கூட்டிக்கும்" என்றார். கூட்டத்தான் எனக்குத் தெரியுமே, அதற்கு மணித்தியாலக் காசு கட்டி ஒரு பெட்டி எதற்கு என்று நினைத்தேன். நான் அவரிடம் எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்த காலம் அது.

நாங்கள் இரண்டு பேரும் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். அவர் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் கரண்ட் வேலை செய்தார். நான் உக்குவளையில் ஒரு முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணமானதும் உக்குவளையிலேயே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்கள மாஸ்டர் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். என் வீட்டுக்காரரின் கட்டார்ப் பயணம் உறுதியானதும், "நான் அம்மா வீட்டுல போய் இருக்கட்டுங்களா?" என்று கேட்டேன். அங்கே ஒரே அறையில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். "லயத்துக்குத் திரும்பிப் போறதுக்கா புள்ள வெளிய வந்தோம்?" என்றார்.

ஒப்பந்தம் இரண்டு வருடம். உக்குவளை சந்தியில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக் சாமான் கடை போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு வேண்டிய தொகையை அந்தக் கணக்குத் தாளின் அடியில் ஒரு கட்டத்தில் அடித்து, அதற்கு மஞ்சள் நிறம் பூசினார். மாதா மாதம் மிச்சம் பிடிப்பது ஏறி ஏறி அந்த மஞ்சள் கட்டத்தைத் தொட்டுவிட்டால் அடுத்த பிளேனில் ஊர் என்று சொன்னார். எனக்கு வயது இருபத்தொன்பது. என்னோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவளின் மகள் என் முன்பள்ளியில் படித்து முடித்து முதலாம் வகுப்புக்கே போய்விட்டாள். அவர் வந்தால்தான் எனக்கு ஒரு பிள்ளை. மஞ்சள் கட்டம் நிரம்பினால்தான் அவர் வருவார். எனக்குப் புரிந்த கணக்கு இதுதான்.

"மாசக் கடைசியில இதை நிரப்பி எனக்கு அனுப்பு. அங்க உக்காந்து இதைப் பாத்தா வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும்" என்றார் மூன்றாவது ஞாயிறு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கொம்பியூட்டர் படித்தேன்.

அவர் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமென்றால், பகல் பன்னிரண்டு மணியைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வரைக்கும் இருபத்திரண்டு பிள்ளைகள் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்றுக்கு மூக்குத் துடைத்து, இன்னொன்றுக்குச் சப்பாத்து மாட்டி, அவர்களை அம்மாமாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் சத்தமே இருக்காது. ஒரு பேணி அரிசியைக் களைந்து போடுவேன். ஓர் ஆளுக்குச் சமைப்பது போன்ற கசந்த வேலை உலகத்தில் இல்லை. தேங்காயில் பாதியைத் துருவி, மறு பாதிக்கு உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தப் பாதியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். மாஸ்டரும் அவர் மனைவியும் நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் வடக்கு கிழக்கில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் சிங்களத்தில் செய்தி ஓடும்போது, என் ரேடியோவின் தமிழ்ப் பாட்டை நான் குறைத்துக்கொண்டேன். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. நானேதான் குறைத்தேன்.

பொலிசில் இருந்து வீடு வீடாகப் பதிய வந்தார்கள். வீட்டில் ஆண்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருவர், கட்டாரில் இருக்கிறார் என்றேன். அப்படியென்றால் வீட்டில் இருப்பது நீங்கள் ஒருவர்தானே என்று கேட்டுக்கொண்டு, படிவத்தில் ஒன்று என்று எழுதினார்கள்.

கணக்கு அனுப்பவும் அவரோடு பேசவும் மட்டும்தான் முதலில் அந்தக் கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலம், கெமராவில் பேசுவோம். அவர் முகம் பாதி நேரம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். குரல் மட்டும் பின்னால் வரும். "சாப்பிட்டியா?" என்று கேட்பார். "சாப்பிட்டேன்" என்பேன். அது அவர் காதில் விழுவதற்குள் மறுபடி, "சாப்பிட்டியா?" என்பார். இப்படி ஒரு மணித்தியாலத்தில் நாலு தடவை சாப்பிட்டிருக்கிறேன். மற்ற நாட்களுக்கு மெயில். மெயிலில் தமிழ் எழுத்துப் போட்டால் அங்கே வெறும் சதுரமாக விழும் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். எல்லா மெயிலையும் "இங்கு எல்லாரும் சுகம்" என்றுதான் தொடங்குவேன். எல்லாரும் என்றால் நான்.

கடையை நடத்தியவர் ஒரு முஸ்லிம் பெண். கணவர் இரத்தினக்கல் வியாபாரமாக ஊர் ஊராகப் போய்விடுவார். மாத்தளை முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். மீசை வைத்த கிழவரைக் கூப்பிடுவதுபோல எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு வாய் பழகிவிட்டது. தாத்தா ஒரு சீ.ஆர். கொப்பியைப் பதிவேடாக வைத்திருந்தார். யார் வந்தாலும் அதில் பெயர், அடையாள அட்டை நம்பர், உட்கார்ந்த நேரம், எழும்பிய நேரம் எழுத வேண்டும். பொலிஸ் உத்தரவு. கடையில் ஆறு பெட்டி. மூன்றாம் பெட்டியில் மட்டும்தான் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியும் என்பதால் எனக்கு அது.

ஒரு நாள் கணக்கை அனுப்பிய பிறகும் கால் மணித்தியாலக் காசில் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. மிச்சத்தை விட மனமில்லாமல் வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி என்று தட்டினேன். அன்றிலிருந்து பிடித்தது வினை. எத்தனை ஊர்ப் பெண்கள், எத்தனை யோசனை! கூட்டாஞ்சோற்றுப் பந்திபோல ஒருத்தி எழுத, இன்னொருத்தி அதற்குப் பதில் எழுத, மூன்றாமவள் இரண்டு பேரையும் திட்ட, நான் மாத்தளையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பக்கம் ஒன்று, இரண்டாவது காரை விற்றுவிட்டால் மாதச் செலவு கணிசமாகக் குறையும் என்றது. எனக்கு முதலாவது காரே இல்லாததால் அந்தச் செலவு ஏற்கெனவே குறைந்திருந்தது. இன்னொன்று, தனி ஆளாக இருப்பவர்கள் மொத்தமாகச் சமைத்து உறைய வைத்துக்கொள்ளச் சொன்னது. பிரிட்ஜ் உள்ளவர்கள் செய்யட்டும். ஆனால் காசை உறைகளில் பிரித்து, உறைக்கு மேலே செலவின் பெயரை எழுதி வைக்கும் பழக்கம் அங்கே கற்றதுதான். கறிச்சட்டியை மூடி வேகவைத்தால் மண்ணெண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று கிழமைக் கணக்காக அளந்து பார்த்ததும் அப்படித்தான்.

தம்புள்ளை விலையைக் காட்டியது தாத்தா. அவருடைய தம்பிக்கு மரக்கறி மொத்த வியாபாரம். தம்புள்ளைச் சந்தையில் அன்றன்று மரக்கறி என்ன விலைக்குப் போனது என்று அரசாங்கப் பக்கம் ஒன்றில் போடுவார்கள். அதைத் தம்பிக்காகத் தாத்தா தினமும் பார்த்துப் போனில் சொல்லுவார்.

"இதப் பாருங்க தங்கச்சி. போஞ்சி, கரட், லீக்ஸ், எல்லாம் போட்டு ஈக்கிது. பொலயில வெலையக் கூட்டிச் சொன்னா நீங்க விட்டுக் குடுக்கத் தேவல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை எங்கள் பக்கம் பொல என்றுதான் சொல்வோம். அந்த ஞாயிறு விலைத் தாளை அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். நாவுலயில் இருந்து வந்து விற்கும் ஒரு சிங்கள ஆளிடம் போஞ்சி விலையைக் கேட்டேன். சொன்னார். "நேற்றுத் தம்புள்ளையில் இதில் பாதிதானே" என்றேன் சிங்களத்தில். அவர் தராசைக் கீழே வைத்தார். "அப்படியானால் மிஸ் தம்புள்ளைக்கே போய் வாங்குங்கள், பஸ் ஐந்து மணிக்கு" என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. லீக்ஸ் விலை, கோவா விலை, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் ஐந்து ரூபாய் குறைத்தார். அடுத்த கிழமையிலிருந்து எனக்குத் தம்புள்ளை மிஸ் என்று பெயர். போகப் போக, நான் கூடையை இறக்கும் முன்னமே, "மிஸ், இன்றைக்கு அங்கே கரட் என்ன விலை?" என்று அவரே கேட்பார். கிழமையில் ஒரு நாள் என்னைக் கண்டதும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைக் கேட்கிறார் என்பதில் எனக்கு இருந்த சந்தோசத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கணக்குத் தாளில் மரக்கறி வரியில் தொகை குறைந்தது. மண்ணெண்ணெய் வரி குறைந்தது. பால்மாவை நிறுத்திப் பிளேன்டீக்கு மாறினேன், அந்த வரி இல்லாமலே போனது. மஞ்சள் கட்டத்துக்கும் எனக்கும் உள்ள தூரம் சுருங்கிக்கொண்டே வந்தது. கெமராவில் அவர், "நீ பொல்லாத கெட்டிக்காரி புள்ள. இங்க பயலுவளுக்கு உன் கணக்கைத்தான் காட்டுறேன்" என்றார். உச்சி குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் அந்தக் கணக்கில் இல்லாத இரண்டு வரி இருந்தது. ஒன்று உக்குவளையிலிருந்து மாத்தளைக்குப் போய்வரும் பஸ் காசு. மற்றது கடையில் உட்காரும் காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான். கரட்டில் ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க அதைப்போலப் பல மடங்கு செலவழித்தேன். தெரியாமல் செய்யவில்லை. பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்துக் கொஞ்சம் காசு வந்தது. அதையும் வரவில் எழுதாமல், இந்த இரண்டையும் செலவில் எழுதாமல், ஒன்றை ஒன்றால் அடைத்துவிட்டேன். அவர் பார்க்கும் தாள் சுத்தமாக இருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கடைசிப் பக்கம், பஸ்ஸில் பை சோதிப்பது கடுமையாகிவிட்டது. டவுனுக்குள் நுழையும் இடத்தில் எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து காட்டிவிட்டு, நடந்துபோய்த் திரும்ப ஏற வேண்டும். ஒரு நாள் ஒரு நடுத்தர வயதுப் பொலிஸ்காரர் என் கைப்பையில் இருந்து அந்த விலைத் தாளை எடுத்தார். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர்கள். தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, கொழும்பு. ஒவ்வொன்றுக்கும் நேரே எண்கள். சிலதைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தேன். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். "இது என்ன?" என்றார்.

தண்ணீர் பட்ட பாடாக வரும் என் சிங்களம் அன்றைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. மரக்கறி, மரக்கறி என்று இரண்டு தரம் சொன்னேன். எதற்கு வட்டம் என்று கேட்டார். மலிந்தவற்றுக்கு வட்டம் என்றேன். என்னைத் தனியாக ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தாளை மேலிருந்து கீழே வாசித்தார். பஸ் காத்துக்கொண்டு நின்றது. யன்னல் நிறைய முகங்கள். இப்போது என்னைக் கொண்டுபோனால் யார் வந்து கேட்பார்கள் என்று யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

பொலிஸ்காரர், "பெரிய வெங்காயம் எங்கே இருக்கிறது?" என்றார். விரலால் காட்டினேன். பார்த்துவிட்டு, "போன கிழமையை விடக் குறைவு" என்றவர் ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார். என்னை அல்ல, வெங்காய விலையை. அவருடைய அண்ணன் நாவுலப் பக்கம் வெங்காயம் போட்டிருக்கிறாராம். தாளை மடித்துத் திருப்பித் தந்து, இந்த மாதிரி ஒன்றும் கொண்டு திரியாதீர்கள் மிஸ் என்று சாந்தமாகத்தான் சொன்னார். பஸ்ஸில் ஏறினேன். என் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி முன் சீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மெயிலில் என் வீட்டுக்காரருக்கு இதை எழுதத் தொடங்கி, பயந்து போவாரே என்று அழித்துவிட்டு, இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு தாளை அச்செடுக்கவில்லை. விலையை மனப்பாடம் செய்யப் போகிறேன் என்று கடையில் உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் வேண்டும்? முன்பள்ளி முடிந்து பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தால் ஒன்றரைக்கு மூன்றாம் பெட்டிக்கு முன்னால் இருப்பேன். "என்ன தங்கச்சி, இண்டைக்கும் கரட்டா?" என்பார் தாத்தா. பக்கத்துப் பெட்டியில் ஒரு தாய் கைப்பிள்ளையைத் தூக்கி, குவைத்திலோ எங்கோ இருக்கும் தகப்பனுக்குக் காட்டிக்கொண்டிருப்பாள். மறுபக்கத்தில் யாரோ வேலைக்கு மனுப் போடுவார்கள். தாத்தா பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து வைப்பார். நோன்பு மாதத்தில் கஞ்சியை ஒரு போத்தலில் ஊற்றி, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வார். நான் தம்புள்ளை, கரட் என்று ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். முதலில் கிழமைக்கு ஒரு நாள், பிறகு இரண்டு, பிறகு நாலு.

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே மஞ்சள் கட்டம் நிரம்பியது. கூட்டுத்தொகை அதைத் தாண்டி இருநூற்றுச் சொச்சம் ரூபாய் கூடவே நின்றது. நான் மூன்றாம் பெட்டிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தாத்தா ஓடி வந்து என்ன என்று கேட்டார். "அவரு வரப்போறாரு தாத்தா" என்றேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

கணக்கோடு சேர்த்து ஒரு புதுத் தாளும் போட்டு அனுப்பினேன். அதற்கு "ரெண்டு பேர்" என்று பெயர் வைத்தேன். அதில் அரிசி இரண்டு மடங்கு. முழுத் தேங்காய். அவர் சவரம் செய்யும் பிளேட். ஞாயிற்றுக்கிழமைக் கோழி. பால்மா. கடைசியில் பெயர் போடாமல் ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தேன். அது எதற்கென்று அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். வீட்டில் ஒரு பக்கச் சுவருக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். அண்ணிக்குச் சொல்லியனுப்பினேன். பொலயில் நாவுலக்காரரிடம் கூடச் சொன்னேன். அவர் இரண்டு பிடி போஞ்சி சும்மா போட்டார்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நீ இவ்வளவு நல்லாக் குடும்பம் நடத்துவாய் என்று நான் நினைக்கவே இல்லை என்று எழுதியிருந்தார். உன் கணக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் யோசித்தேன், இரண்டு வருடத்தில் கடைக்குக் காசு சேர்ந்தது என்றால், இன்னும் இரண்டு வருடம் இருந்தால் காணி வாங்கி வீடும் கட்டலாம், இவ்வளவு குறைந்த செலவில் நீ அங்கே சமாளிக்கும்போது நான் அவசரப்பட்டு வருவது புத்தியில்லை, இந்த மாதத்திலிருந்தே தொடங்குகிற புது ஒப்பந்தத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று முடித்திருந்தார். கூடவே ஒரு தாள் இணைத்திருந்தார். திறந்தேன். இரண்டாயிரத்து ஒன்பது வரைக்கும் இருபத்து நான்கு மாதங்கள், வரிசையாக, வெறும் கட்டங்களோடு. வலது கைப்பக்கம் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. அதன் முடிவில் புதிதாக ஒரு மஞ்சள் கட்டம். "ரெண்டு பேர்" தாளை, இப்போதைக்குத் தேவையில்லை என்று எடுத்துவிட்டிருந்தார்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் தனியாக இருப்பதற்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்று மாதா மாதம் நானேதான் அவருக்கு எழுதி அனுப்பியிருந்தேன். மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் அவரைக் கூட்டிவரும் என்று நினைத்தேன். அது அவரை அங்கேயே உட்கார வைத்தது. அவர் மேல் வந்த ஆத்திரத்தை விட என் மேல் வந்த ஆத்திரம் பெரிது. அந்த ஞாயிறு பொலயில் நாவுலக்காரர், "தம்புள்ளையில் இன்று என்ன விலை மிஸ்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் சொன்ன விலைக்கே வாங்கினேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோழியும் வாங்கி, ஒரு முழுக் கோழியை நான் ஒருத்தியே மூன்று நாள் வைத்துத் தின்றேன்.

மாதக் கடைசியில் அந்தப் புதுத் தாளின் முதல் கட்டங்களை நிரப்பினேன். இந்த முறை ஒன்றையும் ஒளிக்கவில்லை. கோழி. பால்மா. பஸ். கடைசி வரியில் நெட். தாத்தாவின் சீ.ஆர். கொப்பியை வாங்கி, அந்த மாதம் நான் உட்கார்ந்த நேரங்களைக் கூட்டி, அத்தனை மணித்தியாலம் என்று பக்கத்தில் எழுதினேன். ஐம்பத்தொன்று. தையல் காசையும் வரவில் போட்டேன். கீழே மிச்சம் என்று ஒன்றும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கெமராவில் அவர் முகம் கறுத்திருந்தது. சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்னா புள்ள இது? நெட்டுக்கு மட்டும் அம்பத்தொரு மணித்தியாலமா? நாம பேசுறது மாசத்துக்கு ரெண்டு மணித்தியாலம். மிச்சத்துக்கெல்லாம் யார்கூடப் பேசுற?"

அப்படிக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பக்கத்துப் பெட்டியில் ஆள் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"யார்கூடயும் பேசலங்க. தம்புள்ள வெலை பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கரட் வெலை பாக்க அம்பது மணித்தியாலமா?"

"வெலை பாக்க அஞ்சு நிமிசந்தாங்க. இங்க ஆளுங்க இருக்காங்க. அதான் வந்து உக்காந்துக்கிட்டு இருந்தேன்."

அவர் முகம் அசையவில்லை. கெமராதான் உறைந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு கண் சிமிட்டியது தெரிந்தது. அவருக்குப் பின்னால் யாரோ அரபியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "சரி புள்ள. நான் ஏதாச்சும் பண்றேன்" என்றார்.

அந்த "ஏதாச்சும்" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒன்பது நாள் இருந்தேன். கம்பெனியில் பேசிப் பார்ப்பார். கையெழுத்தைத் திருப்பி வாங்க வழி இருக்கும். தண்டம் கட்டச் சொன்னால் கட்டலாம், மஞ்சள் கட்டத்தில்தான் இருக்கிறதே. முன்பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு நின்றிருக்கிறேன். பிள்ளைகள் மீதியைத் தாங்களாகவே பாடினார்கள்.

பத்தாம் நாள் மெயில் வந்தது. ஒரே ஒரு வரி. "இனிமே காசு பாக்காமப் போயி உக்காந்துட்டு வா." கூடவே திருத்திய கணக்குத் தாள். கடைசியில் இருந்த நெட் என்ற வரியைத் தூக்கி, அரிசிக்கு அடுத்ததாக, இரண்டாம் வரியில் வைத்திருந்தார். நான் செலவழித்ததை விடக் கூடுதலாக ஒரு தொகை போட்டு, அதையே இருபத்து நான்கு மாதத்துக்கும் நிரப்பியிருந்தார். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். கட்டாரில் அவருடைய செலவுக்கென்று போட்டிருந்த சாப்பாட்டு வரியில் அதே அளவு குறைந்திருந்தது.

கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். தாத்தா பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன சொல்றார் தங்கச்சி? வாராராமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் சீ.ஆர். கொப்பியைத் திறந்து நான் உட்கார்ந்த நேரத்தை எழுதினார்.

அவர் திரும்பி வரும்வரை இருபத்து நான்கு மாதமும் கணக்கு அனுப்பினேன். அரிசியில் மிச்சம் பிடித்தேன், மண்ணெண்ணெயில் மிச்சம் பிடித்தேன். நெட் என்ற அந்த இரண்டாம் வரியில் மட்டும் ஒரு மாதம்கூட ஒரு சதம் மிஞ்சவில்லை.